மலையேறி வந்தும் ஏமாற்றமாக இருந்தது என்றவருக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளாக, வேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரமெல்லாம் காணொளிகளிலும் இணைய விளையாட்டிலும் கழிகிறது. அதிலும் பயணக் காணொளிகள்தான் அதிகம். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று சொல்லி நண்பர்கள் போன மாதம் உங்களை ஒரு மலைக்கு இழுத்துப் போனார்கள். கால் வலி, மூடுபனி. உச்சியில் நின்றும் எதுவும் கண்ணில் படவில்லை. முன்னால் நடந்தவரின் பையிலிருந்த மஞ்சள் பட்டையைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் நடந்தீர்கள். வீடு திரும்பி அதே மலையைக் காணொளியில் பார்த்தபோது அதுவே அழகாக இருந்தது. அப்படியானால், நேரில் அனுபவிப்பதுதான் உயர்ந்தது என்பது வெறும் பழக்கப் பேச்சா என்று கேட்கிறீர்கள். இத்துடன் முடித்திருந்தால் நானும் நான்கு வரியில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போகிற போக்கில் கடைசியில் ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள்: "இவ்வளவு பார்த்தும் ஒன்றும் மனதில் நிற்கவில்லை." எனக்கு அதுதான் கேள்வியாகப் படுகிறது. மூன்று ஆண்டு மாலைகள் எங்கே போயின என்ற கவலை அந்த வரியில் இருக்கிறது.

நான் மருத்துவமனையில் பணியாற்றும் உளவியலாளர். விபத்திலோ பக்கவாதத்திலோ உடல் இயக்கத்தை இழந்தவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். வெளியுலகம் ஒரே நாளில் கைவிட்டுப்போய், திரை ஒன்றே சன்னலாக எஞ்சியவர்களோடு தினமும் பழகுவதால் இந்த விஷயத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அதுவே என் எல்லையும்கூட. நான் காண்பவர்கள் பெரும் இழப்புக்குப் பிறகு என்னிடம் வருபவர்கள். அவர்களிடம் கண்டதை, ஆரோக்கியமாக நடமாடும் உங்களுக்கு அப்படியே விதியாக்க முடியாது. ஆகையால் எது ஆய்வு சொல்வது, எது என் அனுபவம் சொல்வது என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிற இடம். திரையில் கிடைக்கும் இன்பம் போலி அல்ல. பள்ளத்தின் விளிம்பில் ஒருவர் நடக்கும் காட்சியைப் பார்த்து உங்கள் உள்ளங்கை வியர்த்தால் அந்த வியர்வை உண்மை, இதயத் துடிப்பு உண்மை, பிறகு வரும் நிம்மதியும் உண்மை. இணையத்தில் நேரம் செலவிடுவதே மனதைக் கெடுக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவும் ஆய்வுகள் இடம் தரவில்லை. ஏமி ஆர்பெனும் ஆண்ட்ரூ ப்ரிசிபில்ஸ்கியும் 2019இல் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான வளரிளம் பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய மனநலனில் காணப்பட்ட வேறுபாடுகளில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தை மட்டுமே டிஜிட்டல் கருவிப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது. எது காரணம், எது விளைவு என்பதை அந்த ஆய்வும் தீர்த்துவைக்கவில்லை. என்றாலும், உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ள இது போதாது. கழுத்துக்குக் கீழே அசைவு இழந்த ஓர் இளைஞர், தலையசைவால் இயங்கும் கருவியைக் கொண்டு இணைய விளையாட்டில் ஓர் அணிக்குத் தலைமை தாங்குவதை நான் கண்டிருக்கிறேன். அவரிடம் போய் அது நிஜமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியானால் வேறுபாடே இல்லையா என்றால், இருக்கிறது. அதில் உறுதியான பகுதி நம் உடலைச் சேர்ந்தது. கைபேசியை ஓர் அடி தூரத்தில் பிடித்துப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படுக்கைவாட்டில் திருப்பினாலும் அது உங்கள் கண்முன் ஏறக்குறைய 28 பாகை அகலத்தைத்தான் நிரப்பும். இரண்டு கண்களும் சேர்ந்து கிடைமட்டமாக 200 பாகை அளவுக்குப் பார்க்கக்கூடியவை. மீதி இடமெல்லாம் உங்கள் அறைச் சுவர், கட்டில், மின்விசிறி. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு, மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர்நரம்புகள், தோல், மூக்கு எல்லாம் நீங்கள் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கிறீர்கள் என்றுதான் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். கண்ணும் காதும் மட்டுமே மலைக்குப் போகின்றன.

எனக்கு இது புத்தகத்தில் படித்ததைவிட ஒரு நோயாளியிடம்தான் நன்றாகப் புரிந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டு ஏழு மாதங்களாக வார்டில் இருந்தவர். கடல் என்றால் அவருக்கு உயிர். மணிக்கணக்காக அலைகளின் காணொளியை ஓடவிட்டுக்கொண்டே தூங்குவார். ஒருநாள் அவரைச் சக்கர நாற்காலியில் கடற்கரைக்கு அழைத்துப் போனோம். மணலில் சக்கரம் புதைந்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய் நீர் விளிம்பருகே வைத்தோம். அவர் கடலைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார். உப்பு. பிறகு, "காற்று காதுக்குள் போகிறது" என்றார். அவர் சொன்னதைப் பிற்பாடு ஒளிப்பதிவுத் துறையில் இருக்கும் நண்பரிடம் சொன்னபோது அவர் விளக்கினார்: கடற்கரையில் ஒலிப்பதிவு செய்யும்போது மைக்கின் மேல் ரோமம் போன்ற ஓர் உறையை மாட்டுவார்கள், காற்று மோதும் ஓசை பதிவாகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த உறை. பதிவு செய்பவருக்குக் காற்று இரைச்சல். கரையில் நிற்பவருக்கோ கடலில் பாதி அதுதான். ஏழு மாதமாக அவர் கேட்டது காற்று நீக்கப்பட்ட கடல்.

இன்னொன்று, நாமே அசைவதும் நம்மைத் தூக்கிக்கொண்டு போவதும் ஒன்றல்ல. ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹைனும் 1963இல் வெளியிட்ட பூனைக்குட்டிச் சோதனை உளவியல் படித்த எவருக்கும் தெரிந்திருக்கும். மற்ற நேரமெல்லாம் இருட்டில் வளர்ந்த இரண்டு குட்டிகளை நாளுக்கு மூன்று மணி நேரம் ஒரு சுழல் கருவியில் எதிரெதிராகப் பிணைத்தார்கள். ஒன்று தன் காலால் நடந்தது. மற்றது சிறு தொட்டிலில் உட்கார்ந்தபடி, முதல் குட்டி நடந்த அளவுக்கே சுற்றி வந்தது. இரண்டின் கண்ணிலும் பட்ட காட்சி ஒன்றே. நடந்த குட்டிக்குப் பார்வையை வைத்து நடமாடத் தெரிந்தது. தொட்டில் குட்டியை மேசை விளிம்பை நோக்கி இறக்கினால் பாதத்தை முன்னே நீட்டத் தெரியவில்லை. கண்ணாடி பதித்த சோதனை மேடையில் ஆழமாகத் தெரியும் பக்கம் எது, ஆழமற்ற பக்கம் எது என்று பிரித்தறியவும் இல்லை. பிறகு வெளிச்சத்தில் தாராளமாக நடமாட விட்டதும் சில நாட்களில் தேறிவிட்டது. நீங்கள் பூனைக்குட்டி அல்ல. வளர்ந்த மூளைக்கு இதை நேராகப் பொருத்துவது தவறு. ஒரே காட்சி இரண்டு உயிர்களுக்குள் இரண்டு விதமாகப் பதிய முடியும், அதைத் தீர்மானிப்பது காலை எடுத்துவைத்தது யார் என்பதுதான் என்ற அளவுக்கு மட்டும் இதை நான் பயன்படுத்துகிறேன்.

வளர்ந்தவர்களை வைத்துச் செய்த சோதனையும் உண்டு. பீட்டர் கானும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்டது. ஓர் அலுவலக அறையில் 90 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, சற்றே மன அழுத்தம் தரும் வேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மரங்களைப் பார்த்த கண்ணாடிச் சன்னல். ஒரு குழுவுக்கு அதே இடத்தில் அதே காட்சியை நேரலையாகக் காட்டும் பெரிய பிளாஸ்மா திரை. மூன்றாவது குழுவுக்குச் சன்னலை மூடிய வெறும் மறைப்பு. அழுத்தத்துக்குப் பிறகு இதயத் துடிப்பு இயல்புக்குத் திரும்பியதில் கண்ணாடிச் சன்னல் முந்தியது. திரைக்கும் வெறும் மறைப்புக்கும் வேறுபாடு தென்படவில்லை. இன்றைய திரைகள் அன்றைவிட எவ்வளவோ துல்லியமானவை என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சன்னலுக்கு ஒரு குணம் உண்டு: தலையைச் சாய்த்தால் மரத்துக்குப் பின்னால் இருப்பது தெரியும். திரைமுன் எவ்வளவு சாய்ந்தாலும் ஒளிப்பதிவாளர் காட்டியதற்கு மேல் ஒரு இலைகூடக் கிடைக்காது.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஏன் மனதில் நிற்பதில்லை? நினைவு தனியாக நிற்பதில்லை. இடம், நேரம், உடன் இருந்தவர், உடலின் நிலை என்று எதையாவது பற்றிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் பார்த்த நூற்றுக்கணக்கான காணொளிகளும் ஒரே கட்டில், ஒரே விளக்கு, ஒரே கை என்ற ஒற்றை ஆணியில் மாட்டப்பட்டவை. ஓர் ஆணியில் நூறு சட்டைகளைத் தொங்கவிட்டால் வேண்டியதை உருவ முடியாது. நினைவைத் தூண்டும் ஒரு குறிப்போடு பிணைந்த நினைவுகள் கூடக்கூட அந்தக் குறிப்பு பயனற்றுப் போகும் என்பது நினைவாய்வில் நன்கு நிலைபெற்ற கருத்து. இதை விளக்க முன்பெல்லாம் நான் முக்குளிப்போர் சோதனையைச் சொல்வது வழக்கம். நீருக்கடியில் மனப்பாடம் செய்த சொற்கள் நீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன என்று காட்டிய 1975ஆம் ஆண்டு ஆய்வு அது. 2021இல் அதை மறுபடி செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. அதனால் இப்போது அதன்மேல் பாரத்தை ஏற்றுவதில்லை.

நேரில் போனாலே நினைவு தானாக நிலைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். லிண்டா ஹென்கெல் அருங்காட்சியகத்தில் நடத்திய ஆய்வு 2014இல் அச்சானது. பொருட்களைச் சும்மா பார்த்தவர்களைவிடப் படம் எடுத்தவர்களுக்கு அவை குறைவாகவே நினைவிருந்தன. கேமராவிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மனம் நகர்ந்துவிடுகிறது என்பது அதற்கு ஒரு விளக்கம். அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை நெருங்கிக் குவித்துப் படமெடுத்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. கவனம் எங்கே போயிற்று என்பதுதான் கணக்கு. பேருந்தின் சன்னலோரத்தில் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி ஊர் ஊராகப் போய் வருகிறவர், உண்மையான மலையில் இருந்துகொண்டே அந்தத் தொட்டிலில் உட்கார்ந்த குட்டிதான்.

உங்கள் மலைப் பயணத்தை மறுபடி எண்ணிப் பாருங்கள். நீங்கள் பார்த்த காணொளி பன்னிரண்டு நிமிடம் என்றால் அதற்குப் பின்னால் சில நாட்கள் இருக்கும். பனி விலகாத நாளை அவர்கள் வெட்டிவிடுவார்கள். மூச்சு வாங்கி உட்கார்ந்த அரை மணி நேரத்தை வெட்டிவிடுவார்கள். வெட்டித் தொகுத்த ஒருவரின் சிறந்த நாளோடு உங்கள் சாதாரண நாளைப் போட்டியிட வைத்திருக்கிறீர்கள். அதோடு, நினைவு கூட்டல் கழித்தல் போட்டுச் சராசரி பார்ப்பதில்லை. டேனியல் கானமனும் குழுவினரும் 1993இல் வெளியிட்ட சோதனையில், 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் கையை ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே ஒரு நிமிடத்தோடு கூடுதலாக அரை நிமிடம், அந்த அரை நிமிடத்தில் மட்டும் நீர் ஒரு பாகை சூடேறியது. எதை மறுபடி செய்யத் தயார் என்று கேட்டபோது 32 பேரில் 22 பேர் நீண்டதைத்தான் தேர்ந்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். முடிவு மட்டும் சற்று இதமாக இருந்தது. ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவும் நினைவில் கனமாக உட்காருகின்றன என்பது அவர்கள் எடுத்த முடிவு. உங்கள் பயணத்துக்குப் பார்க்கத் தகுந்த உச்சம் கிடைக்கவில்லை. களைத்து இறங்கியதும் அவரவர் கலைந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், ஆக நல்ல முடிவும் இல்லை. ஏமாற்றம் வந்ததில் வியப்பே இல்லை. சில பயணங்கள் உண்மையிலேயே மோசமானவை. அதை ஒப்புக்கொள்வதில் தவறும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உங்கள் கேள்வியில், மூன்று ஆண்டுகளாகப் பார்த்தவற்றில் ஒரு காணொளியைப் பற்றிக்கூடத் தனியாக ஒரு வரி இல்லை. பிடிக்கவே பிடிக்காத அந்த ஒரு நாளைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. பட்டையின் நிறம்கூட இருக்கிறது.

மனிதர்கள் தொடர்பான வேறுபாட்டுக்கு வருகிறேன். உங்களுக்குப் பிடித்த பயணக் காணொளிக்காரரை நண்பர் போல உணர்வதாகச் சொன்னீர்கள். அந்த உணர்வு புதிதும் அல்ல, கோளாறும் அல்ல. வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளர்களிடம் மக்கள் கொள்ளும் இத்தகைய ஒருதலை நெருக்கத்தை டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இலேயே விவரித்துவிட்டார்கள். தனிமையில் அது ஆறுதல் தரும். ஆனால் உங்கள் குரல் தழுதழுத்தால் அவர் பேச்சை நிறுத்த மாட்டார். பட்ரீசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கத்தில் நிற்கிறது: ஒன்பது மாதக் குழந்தைகள் நேரில் வந்து விளையாடியவரிடமிருந்து சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன, அதே மனிதர்களின் ஒளிப்பதிவிலிருந்து கற்கவில்லை. இதே வழியில் 2018இல் நடந்த ஆய்வில், கூட இன்னொரு குழந்தை இருந்தபோது திரையிலிருந்தும் நன்றாகக் கற்றன. அதனால் திரை என்ற பொருளைவிட, பதில் சொல்லக்கூடிய இன்னொரு உயிர் அருகில் இருக்கிறதா என்பதே முக்கியமாகத் தெரிகிறது. நீங்கள் பழைய கல்லூரி நண்பர்கள் மூவருடன் ஞாயிறுதோறும் விளையாடுகிறீர்களே, அதை நான் இந்தப் பக்கத்தில்தான் சேர்ப்பேன். அதைக் குறைக்காதீர்கள்.

சந்தேகத்துக்கு இடமானவற்றையும் சொல்லியாக வேண்டும். மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் வற்றிவிட்டது, சில நாள் எல்லாவற்றையும் நிறுத்தினால் மூளை பழைய நிலைக்குத் திரும்பும் என்று பரவலாகப் பேசுகிறார்கள். டோபமின் இன்பத்தின் அளவுகோல் அல்ல. எதிர்பார்ப்போடும் கற்றலோடும் அதற்குத் தொடர்பு அதிகம். மலை ஏறும்போதும் அதே அமைப்புதான் வேலை செய்கிறது. முற்றிலும் விலகினால் என்ன ஆகும் என்பதற்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 2018 தேர்தலுக்கு முன்பு நான்கு வாரம் ஃபேஸ்புக்கை விட்டு விலகியவர்களுக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிஞ்சியது. அதில் ஒரு பகுதி குடும்பத்தோடும் நண்பர்களோடும் போனது, ஒரு பகுதி தனியாகத் தொலைக்காட்சி பார்ப்பதில் போனது. மனநலன் முன்னேறியது, ஆனால் சிறிதளவே. திரை போனால் அந்த இடத்தில் வாழ்க்கை தானாக வந்து உட்காரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஆகவே நான் நோயாளிகளிடம் நேரத்தைக் குறைக்கச் சொல்லித் தொடங்குவதில்லை. அணைத்த பிறகு எப்படி இருக்கிறது என்று கவனிக்கச் சொல்வேன். இதற்கு நல்ல அடிப்படை உண்டு. ராபர்ட் கூபியும் மிஹாய் சிக்சென்ட்மிஹாயும் மக்களிடம் பேஜர் என்ற சிறு அழைப்புக் கருவியைக் கொடுத்து, நாளில் பல முறை எதிர்பாராத நேரங்களில் ஒலிக்கச் செய்து, அந்தக் கணத்தில் என்ன செய்கிறார்கள், எப்படி உணர்கிறார்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். தொலைக்காட்சி பார்க்கும்போது உடல் தளர்ந்து இதமாக இருந்தது. அணைத்ததும் அந்த இதம் போய்விட்டது; மந்தம் மட்டும் தங்கியது. விளையாட்டு, கைவேலை போன்றவற்றுக்குப் பிறகு மக்கள் மேலும் நல்ல மனநிலையைக் குறித்தார்கள். நீங்களும் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். கைபேசியை வைத்த பத்தாவது நிமிடத்தில் உடல் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்குப் பின் வரும் வார்த்தையும் தனியே பார்த்த இரவின் வார்த்தையும் ஒன்றாக இருக்காது என்று நினைக்கிறேன். எது தங்குகிறது, எது கரைகிறது என்பதை என்னைவிட அந்தத் தாள் உங்களுக்குத் தெளிவாகச் சொல்லும்.

அடுத்த முறை வெளியே போவதானால் காணொளியில் பார்த்த இடத்துக்குப் போகாதீர்கள். ஒப்பீடு உங்களை விடாது. பெரிய மலையும் வேண்டாம். பார்த்ததில் கையால் செய்யக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: முடிச்சுப் போடுவதோ, நெருப்பு மூட்டுவதோ, ஒரு பறவையை அதன் குரலால் அடையாளம் காண்பதோ. முதல் முறை சரியாக வராது, அது தேவையும்கூட. ஒருவரை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு, களைப்பு உச்சத்துக்குப் போகும் முன்பே திரும்புங்கள். இறங்கியதும் கலைந்துவிடாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் பிரியுங்கள். படம் எடுக்க ஆசைப்பட்டால் ஒன்றே ஒன்று எடுங்கள், நெருங்கிப் போய் எடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே முடிக்க முடியாது. வெளியே போவது சலிப்பாக இருப்பது வேறு, பயமாக இருப்பது வேறு. முன்பு பிடித்த எதிலுமே, காணொளிகள் உட்பட, ருசி போய்விட்டது வேறு. பின்னவை இரண்டில் ஏதேனும் ஒன்று இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் மாறியிருந்தால், இது திரையா நிஜமா என்ற கேள்வியே அல்ல; மனச்சோர்வோ பதற்றக் கோளாறோ இருக்கலாம், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. எழுத்தைப் படித்து என்னால் அதைக் கண்டறிய முடியாது. எதிரில் உட்கார்ந்து கேட்கும் ஒருவரிடம் போக வேண்டும். அப்படி ஏதும் இல்லையென்றால், வாரக் குறிப்புகளை எழுதிவிட்டு வாருங்கள். அதை வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசலாம்.